அந்தக் கணினி ‘முடியாது’ என்று சொன்ன விதங்கள்

பிழைதிருத்துவது என் தொழில். நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைப் படித்து, ஒற்று மிகும் இடம் மிகா இடம் பார்த்து, வாக்கியம் தட்டுப்படும் இடத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவேன். பக்கம் வடிவமைக்கும் தோழி வாரத்தில் மூன்று நாள் தன் லேப்டாப்போடு வந்து என் அறையிலேயே உட்கார்ந்து வேலை செய்வாள். எங்கள் இருவருக்கும் நடுவே பல வருடங்களாக ஒரு பென்டிரைவ் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி திருத்தியது’ என்று ஒரே கட்டுரைக்கு நாலைந்து பிரதிகள். ஒருமுறை நான் இரண்டு நாள் செலவழித்துத் திருத்திய பிரதி என் மேசையிலேயே தங்கிவிட, திருத்தாத பிரதி அச்சுக்குப் போய்விட்டது. புத்தகம் கைக்கு வந்து, நான் நீக்கியிருந்த பிழையை முதல் பக்கத்திலேயே பார்த்த வேதனை இன்னும் ஆறவில்லை. கோப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும், நாங்கள் இருவரும் அங்கே போய்த்தான் அதைத் திறக்க வேண்டும் என்று அந்த வாரம்தான் முடிவு செய்தேன்.

அலமாரியில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடந்தது. என் அண்ணன் மகள் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். “அத்தை, அதுல லினக்ஸ் போடுங்க. நான் வந்து செஞ்சு தரமாட்டேன். நீங்களே செய்யுங்க, எங்க நிக்குதோ அங்க எனக்கு போன் பண்ணுங்க. ஆனா ஒண்ணு, ஸ்கிரீன்ல என்ன வந்துச்சோ அதை அப்படியே எழுத்துக்கூட்டிப் படிக்கணும். ‘ஏதோ எரர் வருது’ன்னு சொல்லக் கூடாது” என்றாள்.

அப்போது அது வெறும் கண்டிப்பாகப் பட்டது. அடுத்த சில வாரங்களில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான் வந்தது.

நிறுவியதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லினக்ஸ் என்பது விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்; அவள் சொன்னபடி அதன் ஒரு வகையான டெபியனைப் போட்டேன். 1993-இல் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது அது. தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். நிறுவும்போது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனேன், முடிந்தது. சிக்கல் அதற்கு அடுத்த நிமிடமே வந்தது. நிர்வாகி உரிமையோடு ஒரு கட்டளையை ஓட்ட அதன் முன்னால் ‘சூடோ’ என்று சேர்க்க வேண்டும். எதை அப்படிக் கொடுத்தாலும், அந்த உரிமை உள்ளவர்களைக் குறித்திருக்கும் ‘சூடோயர்ஸ்’ கோப்பில் நான் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. என் கணினி, நானே நிறுவியது, நானே வைத்த பாஸ்வேர்டு. எனக்கே அனுமதி இல்லையா என்று கோபம்தான் வந்தது.

காரணம் எளியது. டெபியனை நிறுவும்போது ‘ரூட்’ என்ற தலைமைப் பயனருக்குப் பாஸ்வேர்டு கேட்கும். அதைக் காலியாக விட்டால், நம் சாதாரணக் கணக்கை ‘சூடோ’ குழுவில் அதுவே சேர்த்துவிடும். பாஸ்வேர்டு கொடுத்தால் சேர்க்காது. நிர்வாகத்துக்குத்தான் ரூட் இருக்கிறாரே என்று எடுத்துக்கொள்ளும். நான் கொடுத்திருந்தேன். சரி, ரூட்டாக மாறி என்னைக் குழுவில் சேர்ப்போம் என்று போனால், அதற்கான ‘யூசர்மாட்’ என்று ஒரு கட்டளையே இல்லை என்றது. ரூட்டாக மாறுவதற்கு ‘எஸ்யூ’ என்று மட்டும் அடித்திருந்தேன். அப்படி அடித்தால் ஆள் மாறும், ஆனால் கட்டளைகளைத் தேடிப் போகும் பாதை பழைய ஆளுடையதாகவே இருக்கும். ‘எஸ்யூ’வுக்குப் பின் ஓர் இடம் விட்டு ஒரு சிறு கோடு போட்டால்தான் ரூட்டின் சூழல் முழுதாக வரும். ஒரே ஒரு கோடு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் பொருளே மாறிவிடும் என்று தினமும் பார்க்கிறவள் நான். அந்தக் கோடு எனக்குப் பிடித்துப்போனது. குழுவில் சேர்த்த பிறகும் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும், இல்லாவிட்டால் சேர்த்தது நடப்புக்கு வராது. அதற்கும் ஒரு போன் ஆனது.

மென்பொருள் நிறுவும் முறைதான் எனக்கு முதலில் கிடைத்த சந்தோஷம். விண்டோஸில் பழகிய கை, எது வேண்டுமானாலும் இணையதளம் தேடிப் போகும். அங்கே எது உண்மையான டவுன்லோடு பொத்தான், எது விளம்பரம் என்று தெரியாமல் தயங்கும். இங்கே ‘ஆப்ட்’ என்ற ஒரே கருவி. மென்பொருளை இங்கே தொகுப்பு என்பார்கள்; அதன் பெயரைச் சொன்னால், டெபியனின் களஞ்சியத்திலிருந்து அதை எடுத்து, அதற்கு வேண்டிய துணைத் தொகுப்புகளையும் தானே கணக்கிட்டு, கையொப்பத்தைச் சரிபார்த்து நிறுவிவிடும். இதில் என்னைப் போன்றவர்களைத் தடுமாற வைப்பது ‘ஆப்ட் அப்டேட்’ என்ற சொல். அது எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. களஞ்சியத்தில் இன்று என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கிறது. மென்பொருள்களைப் புதுப்பிப்பது ‘ஆப்ட் அப்கிரேடு’. பட்டியல் பழையதாக இருந்தால், இருக்கும் தொகுப்பையே ‘காணவில்லை’ என்று சொல்லும். பெயரைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று நான் மூன்று முறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். பெயர் சரிதான், பட்டியல்தான் பழையது.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

மேசைக் கணினியிலிருந்து இந்த லேப்டாப்புக்குள் போவதற்கு எஸ்எஸ்எச் என்ற முறையைப் பயன்படுத்தச் சொன்னாள். என் மேசைக் கணினி விண்டோஸ் 10; அதிலேயே எஸ்எஸ்எச் கட்டளை இருந்தது, தனியாக எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. பெயரையும் முகவரியையும் அடித்து எண்டர் தட்டினேன். உடனே, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“நல்ல செய்தி அத்தை” என்றாள்.

“மறுத்துடுச்சுன்னுதானேம்மா வந்திருக்கு?”

“மறுக்கறதுக்கு அங்க ஒரு ஆள் இருக்காங்க இல்ல? வீட்டுக் கதவைத் தட்டுறீங்க, உள்ளேருந்து ‘இங்க அந்தப் பேர்ல யாரும் இல்லை’ன்னு சத்தம் வருது. வீடு இருக்கு, வழி சரி, உள்ள ஆள் முழிச்சிருக்கு. நீங்க தேடுற ஆள்தான் இன்னும் குடிவரலை.”

உண்மைதான். நிறுவும்போது ‘எஸ்எஸ்எச் சர்வர்’ என்ற வரியில் டிக் போடாமல் தாண்டி வந்திருந்தேன். அந்தத் தொகுப்பை நிறுவியதும் அதே கட்டளைக்கு வேறு பதில் வந்தது.

மறுநாள் காலையில் மறுபடி முயன்றபோது திரை வெகுநேரம் வெறுமையாக நின்றது. இருபது நொடிக்கு மேல் இருக்கும். பிறகு ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’, காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று. நேற்று வேலை செய்தது இன்று இல்லை என்றதும், நிறுவியதே கெட்டுவிட்டது என்று பயந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யத் தயாராகிவிட்டேன். செய்தியை அவளுக்கு வாசித்துக் காட்டியபோதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே உறைத்தது. நேற்று ஒரு பதில் வந்தது. இன்று பதிலே வரவில்லை. ஆள் இல்லை, அல்லது வீடு இல்லை, அல்லது நடுவே எவரோ தட்டும் ஓசையை விழுங்குகிறார். எழுந்து போய்ப் பார்த்தேன். இரவு தூங்கப் போகுமுன் லேப்டாப்பின் மூடியைச் சாத்தியிருந்தேன்; மூடியதும் அதுவும் தூங்கிவிட்டது. மூடி சாத்தினால் என்ன செய்வது என்பதைக் கவனிக்கும் ‘லாகின்டி’யின் அமைப்புக் கோப்பில் மூடி சாத்துவதைப் பொருட்படுத்தாதே என்று ஒரு வரி எழுதி அதைச் சரிசெய்தேன். ரௌட்டர் ஒவ்வொரு முறையும் வேறு முகவரி கொடுத்துவிடாதபடி, அந்த லேப்டாப்புக்கென்று ஓர் எண்ணை ரௌட்டரிலேயே ஒதுக்கியும் வைத்தேன்.

மூன்றாவது விதம், ‘பெர்மிஷன் டினைடு’, அனுமதி இல்லை. இது வந்தால் வீடு இருக்கிறது, ஆள் இருக்கிறார், பேசவும் செய்கிறார். நீங்கள் யார் என்பதில்தான் அவருக்குத் திருப்தி இல்லை. இனிக் கம்பியையோ முகவரியையோ பார்ப்பதில் பயனில்லை. பெயரையும் சாவியையும் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றும் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு ஒரே ‘வேலை செய்யவில்லை’யாகத்தான் கேட்கும். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் ஒவ்வொன்றும் வழியில் எந்த இடத்தில் நின்றோம் என்று சரியாகச் சொல்கிறது. இதைவிடப் பயனுள்ள எதையும் அந்த மாதத்தில் நான் கற்கவில்லை.

எஸ்எஸ்எச் எப்படி வந்தது என்று படித்தபோது அதன் பிடிவாதம் எனக்குப் புரிந்தது. கோப்புகளை வேறு கணினிக்கு அனுப்பும் எஃப்டிபி என்ற முறைக்கு 1971-இலேயே வரையறை எழுதியவர், ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போன அபய் பூஷன். வலையமைப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பிய காலம் அது; எஃப்டிபி பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவிய டெல்நெட்டும் அப்படித்தான். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யூலோனென் அதற்கு மாற்றாகத்தான் எஸ்எஸ்எச்சை எழுதினார். கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் ‘போர்ட்’ எனப்படும் எண்ணிட்ட வாசல் உண்டு. எஃப்டிபியின் வாசல் எண் 21, டெல்நெட்டின் வாசல் எண் 23. இரண்டுக்கும் நடுவே காலியாக இருந்த 22-ஐத் தன் மென்பொருளுக்குக் கேட்டு வாங்கினார். இன்று பெரும்பாலும் எல்லா லினக்ஸிலும் இருக்கும் ஓப்பன் எஸ்எஸ்எச், ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் 1999-இல் வெளியிட்டது.

முதன்முறை உள்ளே போகும்போது, அந்தக் கணினியை அடையாளம் காட்டும் ‘கைரேகை’ என்ற எழுத்து வரிசையைக் காட்டி, ‘இதுதானா நீங்கள் தேடி வந்த கணினி?’ என்று அது கேட்கும். எல்லோரும் ‘யெஸ்’ என்று அடித்துவிட்டுப் போவார்கள். நான் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, அதனுடைய கைரேகையை அங்கேயே காட்டச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டேன். ‘ஷா256’ என்ற முன்னொட்டை விட்டால் 43 எழுத்துகள். ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே என் வேலை. ஓர் எழுத்தும் மாறவில்லை. அதன் பிறகு அந்தக் கைரேகையை என் மேசைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டது. வேறு கணினி அதே முகவரியில் வந்து உட்கார்ந்தால் பெரிய எழுத்தில் எச்சரித்துவிட்டு நின்றுவிடும்.

பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி வைக்கச் சொன்னாள். ஒரு கட்டளையில் இரண்டு கோப்புகள் உருவாகும்; ஒன்று தனிச்சாவி, மற்றது பொதுச்சாவி. ‘பொதுச்சாவி’ என்ற சொல்லால் எனக்குக் குழப்பம்தான் வந்தது. அதைப் பூட்டு என்று நினைத்துக்கொண்டதும் எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பூட்டை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் மாட்டலாம், யார் பார்த்தாலும் பாதகமில்லை. சாவி மட்டும் என் மேசைக் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. சாவி வேலை செய்வதைப் பார்த்த பிறகு, பாஸ்வேர்டு கொடுத்து நுழையும் வழியை அடைத்துவிட்டேன்.

அடுத்தது தோழி. அவளுக்கு டெர்மினலில் எதுவும் அடிக்க விருப்பமில்லை. விண்டோஸில் ஒரு ஃபோல்டரைத் திறப்பதுபோல் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சாம்பா. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி மொழியை லினக்ஸ் பேச வைக்கும் மென்பொருள் இது. ஆஸ்திரேலியாவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 வாக்கில் தொடங்கினார். முதலில் வைத்த பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கெனவே வைத்திருந்ததால், எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினியின் அகராதிக் கோப்பில் தேடி, கிடைத்தவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டார். அகராதியில் தேடிப் பெயர் வைத்த மென்பொருள் என்றதும் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

சாம்பாவில் தோழிக்கு ஒரு கணக்கு உண்டாக்கினேன். பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் உள்ளே விடவில்லை. லினக்ஸ் கணக்கின் பாஸ்வேர்டு வேறு, சாம்பாவின் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைத் தனியாக ஒரு கட்டளையில் வைக்க வேண்டும். அது தெரிந்து வைத்த பிறகு பகிர்வு கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே இருந்த ஃபோல்டர் திறக்கவில்லை. மறுபடி ‘அனுமதி இல்லை’.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். அந்த ஃபோல்டர் என் வீட்டு ஃபோல்டருக்குள், அதாவது லினக்ஸ் ஒவ்வொரு பயனருக்கும் தரும் சொந்த இடத்துக்குள், இருந்தது. தேடியபோது கிடைத்த முதல் வழி, அனுமதியை மாற்றும் கட்டளையான ‘சிஎச்மாட்’, அதோடு 777. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1, கூட்டினால் 7. உரிமையாளருக்கு 7, குழுவுக்கு 7, மற்ற எல்லோருக்கும் 7. என் வீட்டு ஃபோல்டர் முழுவதற்கும், உள்ளே இருக்கும் அனைத்துக்கும், ஒரே கட்டளையில் அதைக் கொடுத்தேன். தோழிக்கு எல்லாம் திறந்தது. அன்று இருவரும் நிம்மதியாக வேலை செய்தோம்.

மறுநாள் என்னால் உள்ளே போக முடியவில்லை. ‘பெர்மிஷன் டினைடு’, பக்கத்தில் ‘பப்ளிக்கீ’, அதாவது பொதுச்சாவி. சாவி மாறவில்லை, பூட்டு மாறவில்லை, நேற்று மாலை வரை வேலை செய்தது. பாஸ்வேர்டு வழியையும் நானே அடைத்துவிட்டேன். லேப்டாப் பக்கத்து அறையில் இருந்ததால் தப்பித்தேன். அதன் முன்னாலேயே உட்கார்ந்து நுழைந்தேன்.

“ஏன் மறுத்துச்சுன்னு அதுகிட்டயே கேளுங்க அத்தை. அது எழுதி வச்சிருக்கும்” என்றாள் அண்ணன் மகள். இணையத்தில் படித்த குறிப்புகள் நுழைவு முயற்சிகளைப் பதிந்துவைக்கும் ‘ஆத் லாக்’ என்ற கோப்பைத் திறக்கச் சொல்லின. என் கணினியில் அந்தக் கோப்பே இல்லை. டெபியன் 12 முதல் பதிவுகள் எல்லாம் ‘ஜர்னல்’ என்ற ஒரே இடத்துக்குப் போகின்றன. ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் எஸ்எஸ்எச்சின் பதிவை மட்டும் கேட்டேன். அங்கே என் வீட்டு ஃபோல்டரின் பெயரைச் சொல்லி, அதன் உரிமையோ அனுமதியோ சரியில்லை, அதனால் மறுத்தேன் என்று ஒரு வரி இருந்தது.

அந்த வரியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு மாட்டியிருக்கும் கோப்பு என் வீட்டு ஃபோல்டருக்குள் இருக்கிறது. அந்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று நான் திறந்துவிட்டேன். அப்படியானால் யார் வேண்டுமானாலும் அங்கே தங்கள் பூட்டை மாட்டிவிட்டு என் பெயரில் உள்ளே நுழையலாம். அந்தப் பூட்டை இனி நம்ப முடியாது என்று எஸ்எஸ்எச் முடிவெடுத்திருக்கிறது. அனுமதி போதாமல் மறுப்பதை மட்டும்தான் அதுவரை பார்த்திருந்தேன். அனுமதி அளவுக்கு மீறிப் போனதால் மறுப்பதை அன்றுதான் பார்த்தேன். அது என்னைக் காப்பாற்றத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறது.

வீட்டு ஃபோல்டரை 700-க்கும், பூட்டுக் கோப்பை 600-க்கும் திருப்பினேன். வேலைக் கோப்புகளை என் வீட்டிலிருந்து வெளியே எடுத்து, ‘எஸ்ஆர்வி’ என்ற பொது இடத்தில் வைத்தேன். எங்கள் இருவருக்கும் ஒரு குழு உண்டாக்கி, ஃபோல்டரை அந்தக் குழுவின் பெயருக்கு மாற்றி, அனுமதியை 2770 ஆக்கினேன். முன்னால் நிற்கும் அந்த 2 முக்கியம்: உள்ளே யார் புதிதாக எதை உண்டாக்கினாலும் அது அவரவர் குழுவுக்குப் போகாமல், ஃபோல்டரின் குழுவுக்கே சேரும். கடைசியில் உள்ள 0, வெளியாருக்கு எதுவும் இல்லை.

இதற்குப் பிறகும், “அக்கா, நீங்க வச்சது திறக்குது, ஆனா சேவ் பண்ண விடமாட்டேங்குது” என்றாள் தோழி. சாம்பா வழியாக வரும் புதுக் கோப்புகளுக்கு அது தானாகக் கொடுக்கும் அனுமதியில் குழுவுக்குப் படிக்கும் உரிமை மட்டும்தான் உண்டு. சாம்பாவின் அமைப்பில் அதை 0660 என்று எழுதியதும் தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க நான் யாருக்கும் போன் செய்யவில்லை. கோப்பின் அனுமதி வரியைப் பார்த்தேன், குழுவுக்குரிய மூன்று எழுத்துகளில் எழுதும் உரிமைக்கான எழுத்து இல்லாமல் ஒரு கோடு இருந்தது. அவ்வளவுதான்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு வரும் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது பற்றித் தேடியபோது எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. பழைய கோப்புகளை எல்லாம் சர்வருக்கு நகலெடுத்தபோது சில மட்டும் போக மறுத்தன. எல்லாம் நீளமான பெயருள்ளவை. நான் கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயர், இதழ், தேதி என்று முழுதாகப் பெயர் வைப்பவள். விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறியீடுகள் வரை போகலாம். லினக்ஸின் ‘இஎக்ஸ்டி4’ கோப்பு முறையிலும் 255தான், ஆனால் அது சேமிப்பின் சிறு அலகான பைட் கணக்கு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘பிழைதிருத்தம்’ என்ற சொல் கண்ணுக்கு 7 எழுத்து. புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்கு 13. பைட்டில் 39. ஆக, லினக்ஸில் ஒரு தமிழ்ப் பெயர் 85 குறியீட்டுக்கு மேல் போக முடியாது. என் பெயர்களைச் சுருக்கினேன். தேதியை முன்னால் வைத்தேன், இதழின் பெயரை ஃபோல்டராக்கினேன். இப்போது பார்த்தால் அதுவே நல்ல ஒழுங்காகத் தெரிகிறது.

இன்னொன்று. ‘தொகுப்பு’ என்று தேடினால் சில கோப்புகள் வரவே மாட்டேன் என்றன, கண்ணெதிரே அதே பெயரோடு இருந்தும். ‘தொ’வில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும்; எனக்கு வந்த சில கோப்புகள் அந்த வழியில் வந்தவை. ‘கான்வ்எம்வி’ என்ற சிறு கருவி எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது. முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்டிவிட்டு, நாம் உறுதி சொன்ன பிறகே மாற்றும் பழக்கம் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட கருவிகள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

வெளியூரிலிருந்து கோப்புகளைத் திறக்க ஆசைப்பட்டு, ரௌட்டரில் 22-ஆம் வாசலை ஒருநாள் திறந்துவைத்தேன். மறுநாள் காலை பதிவைப் பார்த்தால், எங்கிருந்தோ யார் யாரோ ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ என்ற பெயர்களில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யாரும் உள்ளே வரவில்லை, சாவி இல்லாமல் வரவும் முடியாது. இருந்தாலும் மூடிவிட்டேன். இப்போது, இணையத்தின் ஊடே மறைகுறியாக்கிய தனிவழி போடும் வயர்கார்டு வழியாகப் போகிறேன். 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 பதிப்பிலிருந்து கெர்னல் என்ற அதன் மையப்பகுதிக்குள்ளேயே அது இருக்கிறது. அது தனக்குத் தெரியாதவர் தட்டினால் பதிலே சொல்லாது. ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாது. முன்பு நான் பயந்துபோன அதே மௌனத்தை இப்போது நானே வேண்டிக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

கடைசியாகக் காப்பு நகல். வெளியே ஒரு வட்டை இணைத்து, கணினி தொடங்கும்போதே அது ‘காப்பு’ என்ற ஃபோல்டரில் வந்து அமரும்படி, எந்த வட்டு எங்கே அமர வேண்டும் என்று குறித்துவைக்கும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் எழுதினேன். வட்டு இல்லாவிட்டாலும் கணினி தொடங்குவது நிற்கக் கூடாது என்பதற்காக ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேர்த்தேன். தினமும் இரவு ‘ஆர்சிங்க்’ என்ற நகலெடுக்கும் கருவி வேலைக் கோப்புகளை அங்கே அந்தந்த நாளுக்குத் தனி நகலாக எடுத்துவைக்கும். இதையும் எழுதியவர்களில் ஒருவர் சாம்பாவின் அதே ட்ரிட்ஜெல்தான்.

சில வாரங்கள் கழித்துத் தோழியால் எதையும் சேமிக்க முடியவில்லை. ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’, இடம் மிச்சமில்லை. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையில் பார்த்தால் உள் வட்டு நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. எங்கள் கோப்புகள் அதில் கால்வாசிகூட வராது. எது நிரப்பியது? வட்டுகளின் பட்டியலைக் கேட்டேன். வெளி வட்டு அதில் இல்லவே இல்லை. கேபிள் தளர்ந்திருந்தது. இடையில் கணினி ஒருமுறை அணைந்து தொடங்கியிருக்கிறது, நான் சொன்னபடியே வட்டு இல்லாமலும் தொடங்கியிருக்கிறது. ‘காப்பு’ என்பது அப்போது உள் வட்டில் இருக்கும் வெறும் ஃபோல்டர். ஆர்சிங்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, ஒவ்வோர் இரவின் நகலையும் அதற்குள்ளேயே கொட்டியிருக்கிறது.

கேபிளைச் செருகியதும் இன்னொரு திகைப்பு. வெளி வட்டு வந்து அமர்ந்தது, பழைய நகல்கள் தெரிந்தன, ஆனால் உள் வட்டு இன்னும் நிரம்பியேதான் இருந்தது. தவறி விழுந்த நகல்களைக் காணோம். அவை இருந்தன, வெளி வட்டுக்கு அடியில். ஒரு ஃபோல்டரின் மேல் வட்டை அமர்த்தினால் கீழே இருப்பது மறைந்துவிடும், அழியாது. வட்டை மறுபடி இறக்கி, கீழே கிடந்ததை நீக்கி, மீண்டும் ஏற்றினேன்.

யோசித்துப் பார்த்தால், அந்த மாதம் முழுக்க ‘முடியாது’ என்று சொல்லாமல் நடந்துகொண்ட ஒரே இடம் இதுதான். இங்கேதான் சேதமும் அதிகம். ஆகவே நகலெடுக்கும் கட்டளைக்கு முன்னால், அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு வட்டு அமர்ந்திருக்கிறதா என்று ‘மவுண்ட்பாயின்ட்’ கட்டளையால் பார்த்துவிட்டு, இல்லையென்றால் நிற்கச் சொன்னேன். நிற்கும்போது ஒரு வரியை எழுதிவைக்க வேண்டும், எங்கள் பொது ஃபோல்டரிலேயே, தோழியும் நானும் பார்க்கும் இடத்தில். அந்த வரியை நான்தான் எழுத வேண்டும்.

முதலில், ‘பிழை: நகல் எடுக்க முடியவில்லை’ என்று எழுதினேன். இதை வேறு யாராவது எழுதியிருந்தால் ஓரத்தில் ‘எதனால்?’ என்று குறிப்பு எழுதியிருப்பேன். அடித்தேன். ‘காப்பு வட்டு இணைப்பில் இல்லை. இன்று நகல் எடுக்கவில்லை. கேபிளைப் பாருங்கள். முந்தைய நகல்கள் பத்திரமாக இருக்கின்றன.’ வாசித்துப் பார்த்தேன். கடைசி வாக்கியம் ஆறுதலாக இருந்தது, ஆனால் வட்டே இல்லாதபோது அதிலிருக்கும் நகல்கள் பத்திரமா என்று அந்தக் கட்டளைக்கு எப்படித் தெரியும்? அதை நீக்கினேன். மற்ற மூன்றும் உண்மை.

சோதிப்பதற்காகக் கேபிளைக் கழற்றிவிட்டு, நகலெடுக்கும் கட்டளையைக் கையால் ஓட்டினேன். தோழியிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் வழக்கம்போல் ஃபோல்டரைத் திறந்தாள், புதிதாக ஒரு கோப்பு வந்திருப்பதைப் பார்த்துச் சொடுக்கினாள், படித்தாள். என்னிடம் எதுவும் கேட்காமல் எழுந்து, லேப்டாப் இருக்கும் மேசைப் பக்கம் போய்க் குனிந்தாள்.